கையைக் கட்டிக்கொண்டு நின்றவள்

அன்று நான் தெரிந்துதான் நின்றேனா, இல்லை கால் எழாமல் நின்றேனா?

இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. எல்லோரும் கேட்டது வேறொன்று: ஏன் ஓடவில்லை? அதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. கணவரிடம், மாமியாரிடம், குடியிருப்புச் சங்கத்திடம் என்று சொல்லிச் சொல்லிப் பழகிய பதில். முதல் கேள்விக்குத்தான் பதில் இல்லை. துணி மடிக்கும்போதும் பால் காயும்போதும் அது வந்து நிற்கிறது. ஆனால் இரண்டில் எதுவாக இருந்தாலும் நான் நின்றது சரி. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஹைதராபாத்தின் சைனிக்புரியில் எங்கள் அடுக்ககத்திலிருந்து ஸ்கூட்டரில் சற்று நேரம் போனால் ஒரு ஏரி. ஏரியை ஒட்டி, வீடு கட்ட முடியாதபடி பாறைகள் குவிந்துகிடக்கும் நிலம். பாறைகளின் இடுக்கில் சீத்தாப்பழப் புதர்கள், வேப்ப மரங்கள். மழை நின்றதும் எங்கு பார்த்தாலும் ஆவாரம்பூ மஞ்சள். அதில் ஒரு பகுதிக்கு எங்கள் குடியிருப்புச் சங்கத்தார் கம்பிவேலி போட்டு, நாய்களை அவிழ்த்துவிட்டுக்கொள்ளலாம் என்று பலகை வைத்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு நாய் கயிறில்லாமல் ஓட அதைத் தவிர வேறு இடம் கிடையாது. அடுக்ககத்தில் நாயை அவிழ்த்தால் அபராதம். தெருவில் அவிழ்த்தால் தெருநாய்கள் விடாது.

அந்த இடத்துக்கென்று சில வழக்கங்கள் உண்டு. வாசலில் இரண்டு கேட். நடுவில் கூண்டு போல ஒரு சின்ன இடம். முதல் கேட்டைச் சாத்திவிட்டுத்தான் நாயின் கயிற்றை, லீஷை, அவிழ்க்க வேண்டும், அவிழ்த்த பிறகுதான் இரண்டாவது கேட்டைத் திறக்க வேண்டும். திறக்கும் முன் தாழ்ப்பாளைத் தட்டி, வருகிறோம் என்று உள்ளே இருப்பவர்களுக்குக் குரல் கொடுப்பார்கள். அவிழ்த்த லீஷைக் கையில் வைத்திருந்தால் விளையாட்டுச் சாமான் என்று நினைத்து நாய்கள் தாவும். அதனால் எல்லோரும் அதை மாலை மாதிரி கழுத்தில் போட்டுக்கொண்டு நிற்பார்கள். கோடையில் ஆள்காட்டிக் குருவி வெறும் தரையில் முட்டையிடும். முதலில் பார்க்கிறவர் சுற்றிக் கற்களை நட்டுவிட்டுப் போவார். குஞ்சு பொரிக்கும் வரை அந்தப் பக்கம் நாயைக் கட்டித்தான் கூட்டிப்போக வேண்டும். இதெல்லாம் பலகையில் எழுதியிருக்காது. போய்ப் பார்த்துக் கற்றுக்கொள்வதுதான்.

நான் முதலில் வேலிக்கு வெளியே நின்று சில ஞாயிற்றுக்கிழமைகள் பார்த்தேன். அப்படிப்பட்டவள் நான். இதே ஊரில், மௌலா அலி ரயில்வே ஊழியர் குடியிருப்பில், சொன்னதைக் கேட்டு வளர்ந்த பெண். புதிதாக ஒரு மிக்ஸி வாங்கினால் அதனுடன் வரும் கையேட்டைக் கடைசிப் பக்கம் வரை படித்த பிறகுதான் சுவிட்சைப் போடுவேன். மகள் பிறந்த பிறகு இது இன்னும் முற்றிவிட்டது. தூங்குகிறாளா என்று பார்ப்பேன், மூச்சு வருகிறதா என்று மறுபடி போய்ப் பார்ப்பேன், அப்படிப் பார்த்ததில் விழித்துவிட்டாளோ என்று இன்னொரு முறை பார்ப்பேன்.

என்னைப் போன்றவள் அவளை ஏன் அங்கே கூட்டிப்போனாள் என்பதுதான் எங்கள் குடியிருப்பில் பலருக்குப் புரியவில்லை. காரணம் ஒரு குப்பைப் பை.

ஊரில் தெருநாய்கள் குழந்தைகளைக் கடித்த செய்திகள் வந்தபடியே இருந்த காலம் அது. தெருவில் எதிரே ஒரு நாய் வந்தால் என் கை தானாக மகளின் கையை இறுக்கும். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், இறுக்குவேன், அவ்வளவுதான். ஒரு நாள் ஆளும் நாயும் இல்லாத தெருவில் அவள் என் கையை அப்படியே இறுக்கினாள். எதற்கு என்று பார்த்தால், தொலைவில் மின்கம்பத்தின் அடியில் ஒரு கறுப்புக் குப்பைப் பை காற்றில் அசைந்துகொண்டிருந்தது. அவள் உள்ளங்கை முழுக்க வேர்வை. வீட்டில் எங்கள் நாய் மேல் கால் போட்டுக்கொண்டு தூங்குகிற குழந்தை. ஆனால் வீட்டு நாய் அவளுக்கு நாயில்லை, தம்பி. வெளியே இருப்பவைதான் நாய்கள். அந்தப் பயத்தை அவளுக்கு வேறு யாரும் கொடுக்கவில்லை. என் கை கொடுத்தது.

அதை அவளிடமிருந்து எடுத்தாக வேண்டும் என்று அன்று முடிவு செய்தேன். என்னிடமிருந்து எடுக்க முடியாவிட்டாலும் பரவாயில்லை.

அதையும் என் வழக்கப்படிதான் செய்தேன். தெரியாத நாய் பாய்ந்து வந்தால் குழந்தை என்ன செய்ய வேண்டும் என்று கிடைத்ததையெல்லாம் படித்தேன். ஓடக் கூடாது, கத்தக் கூடாது, கையை உயர்த்தக் கூடாது. மரம் மாதிரி நிற்க வேண்டும்: கால்களைச் சேர்த்து, கைகளை மார்பில் கட்டி, தன் கால் விரலைப் பார்த்தபடி. தள்ளிவிட்டால் சுருண்டுகொள்ள வேண்டும், முழங்கால் வயிற்றுக்குள், விரல்கள் பிடரியில். அதற்கு என்ன பெயர் வைக்கலாம் என்று மகளிடம் கேட்டேன். ஏரிக்கரையைப் பார்த்து வளர்கிற குழந்தை, உடனே "பாறை" என்றாள்.

ஹாலில் ஒத்திகை நடந்தது. நாய் வேஷம் என் கணவருக்கு. பாதுகாப்புத் துறை ஆய்வகத்தில் நாள் முழுக்கக் கணினி முன் உட்கார்ந்துவிட்டு வருகிற மனிதர், இடுப்பில் துண்டைச் செருகி வால் விட்டுக்கொண்டு நாலு காலில் பாய்ந்து வருவார். அவள் மரமாவாள். அவர் முட்டித் தள்ளினால் பாறையாவாள். "பாறை எழுந்துக்கலாம்" என்று நான் சொல்லும்வரை எழக் கூடாது. நான் நடுவர். ஆனால் நடுவரும் அசையக் கூடாது என்று விதி போட்டவள் என் மகள். நான் மூக்கைச் சொறிந்தால்கூட "அம்மா அவுட்" என்பாள். அவள் வேண்டுமென்றே முகத்தை அஷ்டகோணலாக்கி என்னைச் சிரிக்க வைக்கப் பார்ப்பாள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்று பழகினேன்.

அப்போது திருநெல்வேலியிலிருந்து என் மாமியார் வந்திருந்தார். சோபாவில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு இந்தக் கூத்தைப் பார்த்தார். "ஆபீஸ்ல இருந்து வந்த மனுசன நாலு கால்ல நடக்க விட்டுட்டு, பொண்டாட்டி கைய கட்டிக்கிட்டு நிக்கா. நல்ல குடும்பம்" என்றார். வால் கழன்று விழ, என் கணவர் தரையில் படுத்துச் சிரித்தார்.

அதன் பிறகு நாங்கள் உள்ளே போகத் தொடங்கினோம். மகள் முதலில் என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பிறகு அதை விட்டாள். மழைக்காலம் முடிவதற்குள், நாய்கள் ஓடும் திசையைப் பார்த்து ஒதுங்கி நடக்கவும், தெரியாத நாயிடம் புறங்கையை நீட்டி மோந்து பார்க்க விடவும் கற்றிருந்தாள். தெருவிலும் அவள் கை என் கைக்குள் தளர்வாக இருந்தது. என் கை இறுகினால், "அம்மா, அது சும்மா போகுது" என்பாள், ஐந்து வயதில்.

அந்த ஞாயிறன்று எங்கள் நாயும் ஒரு பெரிய கறுப்பு நாயும் பாறையைச் சுற்றித் துரத்தி விளையாடிக்கொண்டிருந்தன. கறுப்பு நாய்க்கு வயது ஒன்றுகூட இருக்காது, உடம்பு மட்டும் கன்றுக்குட்டி அளவு. அதன் சொந்தக்காரர் இருபது வயதுகளில் இருக்கும் ஒரு இளைஞர். என்னை 'பாபி' என்று கூப்பிடுவார், அண்ணி என்று பொருள். மகள் எனக்கு முன்னால், ஒரு பேருந்தின் நீளம் தள்ளி, ஆவாரம் புதரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். பாறையைச் சுற்றி வந்த கறுப்பு நாய் திடீரென்று திசை மாறி அவளைப் பார்த்து வந்தது.

அவள் பார்த்தாள். கைகளைக் கட்டினாள். குனிந்து கால் விரலைப் பார்த்தாள்.

நாய் நிற்கத்தான் பார்த்தது. சரளைக்கல்லில் கால் வழுக்கி, தோள் அவள் மேல் மோதியது. அவள் விழுந்தாள். விழுந்த அதே வேகத்தில் சுருண்டாள், விரல்கள் பிடரியில் கோத்துக்கொண்டன. நாய் அவள் தலைமுடிக்குள் மூக்கை நுழைத்து மோந்தது. ஒரு முன்காலை அவள் முதுகில் வைத்தது. அவள் அசையவில்லை. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

அந்த இளைஞரும் ஓடி வரவில்லை. அவருக்கும் வழக்கம் தெரியும். எதிர்த்திசையில் திரும்பி, கையைத் தட்டிக்கொண்டு, எங்கோ நல்ல இடத்துக்குப் போகிறவர் போல நடந்தார். நாய் தலையைத் தூக்கிப் பார்த்தது. அவள் முதுகிலிருந்து காலை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் ஓடியது. நான் நடந்து போய், "பாறை எழுந்துக்கலாம்" என்றேன்.

எழுந்தாள். மோவாயில் கல் கிழித்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. என் மகள் தமிழைப் புரிந்துகொள்வாள், முக்கியமான எதையும் தெலுங்கில்தான் சொல்வாள். "நேனு கதலலேது அம்மா" என்றாள். நான் அசையவே இல்லை அம்மா. சிரித்தாள். அதன் பிறகுதான் ரத்தத்தைப் பார்த்து அழுதாள்.

மோவாயில் தையல் போட்டார்கள். முதுகில் நகம் பட்ட கோடு ஒன்று லேசாக இருந்ததால் டாக்டர் ரேபிஸ் தடுப்பூசியும் போடச் சொன்னார். நாய் மோதியதற்கு அழுததைவிட அந்த ஊசிக்கு அதிகம் அழுதாள். அந்த இளைஞர் மாலையே தன் நாயின் தடுப்பூசி அட்டையோடு வீட்டுக்கு வந்து, இனி அந்த நாயை அங்கே கொண்டுவர மாட்டேன் என்றார். "நக்கோ" என்றேன். அப்படியெல்லாம் வேண்டாம், கொண்டுவாருங்கள், வழுக்கியதற்கு அது என்ன செய்யும் என்றேன்.

கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் வேலிக்கு வெளியே நடைப்பயிற்சியில் இருந்த எங்கள் குடியிருப்புக்காரர் ஒருவர் செல்பேசியில் படம் பிடித்திருந்தார். அவர் எடுக்கத் தொடங்கியபோது மகள் ஏற்கெனவே விழுந்திருந்தாள். நான் நடக்கத் தொடங்கும் முன் காட்சி முடிந்துவிட்டது. அதில் இருப்பது இவ்வளவுதான்: தரையில் அசைவில்லாமல் சுருண்டு கிடக்கும் குழந்தை, அதன் முதுகில் கால் வைத்து நிற்கும் கறுப்பு நாய், சற்றுத் தள்ளிக் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கும் ஒரு பெண். கழுத்தில் மாலை வேறு.

இரவுக்குள் அது குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் வந்துவிட்டது. இவள் தாயா என்று கேட்டவர்களில், போன வாரம் என்னிடம் உறைமோர் வாங்கிப்போனவரும் இருந்தார்.

இன்னும் எங்களோடு தங்கியிருந்த மாமியார் அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். ஒத்திகையைப் பார்த்தவர்தான், எல்லாம் தெரிந்தவர்தான். "எனக்குப் புரியுது. பாத்தவங்களுக்கு எப்படிம்மா புரியும்? பிள்ள கீழ கெடக்கு. நாலு பேருக்காகவாவது நீ ஓடியிருக்கலாம்லா?" என்றார்.

நாலு பேருக்காக ஓடியிருந்தால் அந்த நாய் என்ன செய்திருக்கும் என்று நான் சொன்னேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவரிடம் நான் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

கணவர் தன் செல்பேசியில் ஏற்கெனவே பார்த்திருந்தார். மகள் தூங்கிய பிறகு சமையலறை வாசலில் நின்றார்.

"நான் ஓடியிருப்பேன்" என்றார்.

"ஓடியிருந்தா அது அவளை இழுத்திருக்கும்."

"தெரியும். தெரிஞ்சும் ஓடியிருப்பேன்."

அவர் என்னைக் குறை சொல்லவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. அது குறை சொல்வதைவிடக் கனமாக இருந்தது. இனிமேல் அவளைக் கூட்டிப்போக வேண்டாம், நாயை மட்டும் நான் கூட்டிப்போகிறேன் என்றார். நான் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே, முடியாது என்றேன். அவள் அங்கே கற்றது அந்தக் காட்சியில் அப்படியே பதிவாகியிருக்கிறது. முழு வெற்றி. அதைப் பார்த்துவிட்டு இனி வராதே என்று சொன்னால் அவள் என்ன புரிந்துகொள்வாள்? பழையபடி குப்பைப் பைக்குப் பயந்துகொண்டுதான் பள்ளிக்குப் போவாள். இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். அவர் துடைத்த பாத்திரங்களை அடுக்கத் தொடங்கினார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். சம்மதம்தானா என்று இன்னும் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு ஏரிக்கரை கேட் முன்னால் ஒரு கூட்டம் போட்டார்கள். குடியிருப்புச் சங்கத்தாரும், நாய்களோடு வருகிறவர்களும். என் மகளை வைத்துத்தான் கூட்டம் என்றாலும் அவளை நான் வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தேன். சங்கத்தில் பொறுப்பிலிருக்கும் ஒரு பெண்மணி, என்னைவிட வயதில் மூத்தவர், கோபமில்லாமல், உண்மையாகவே புரியாமல் கேட்டார்: "பாகே கைக்கு நை?" ஏன் ஓடவில்லை நீ?

எனக்கு மேடைப் பேச்சு வராது. பள்ளியில் கவிதை ஒப்பிக்கும்போதே பாதியில் நின்றவள். அன்று பேசினேன். ஹைதராபாத் இந்தியில் சொன்னது, தமிழில் ஏறக்குறைய இப்படி வரும்:

"ஓடுவதுதான் எனக்குச் சுலபம். தினமும் அவள் பின்னால் ஓடிக்கொண்டுதான் இருக்கிறேன். அன்று அவள் அசையாமல் இருந்தாள், ஏனென்றால் நான் அசைய மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். நான் கத்தியிருந்தால் அவள் எழுந்திருப்பாள். எழுந்திருந்தால் அந்த நாய்க்கு விளையாட்டு மறுபடி தொடங்கியிருக்கும். என் கையைக் கட்டி வைத்திருந்ததுதான் அன்று நான் செய்த வேலை."

படம் எடுத்தவரைத் தேடினேன். பின்வரிசையில் நின்றிருந்தார். நீங்கள் ஏன் ஓடி வரவில்லை, கையில் செல்பேசி தவிர வேறொன்றும் இல்லையே என்று கேட்டேன். சாட்சிக்கு எடுத்தேன் என்றார் தெலுங்கில், தரையைப் பார்த்துக்கொண்டு. யாரோ சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவரும் பயந்துதான் போயிருப்பார் என்று வீட்டுக்கு வந்த பிறகு தோன்றியது. ஆனாலும் கேட்டதற்கு வருத்தமில்லை.

மரமாக நிற்கத் தெரிந்த குழந்தைகளை மட்டும் பெரியவர்களோடு உள்ளே விடலாம், நானே ஞாயிறுதோறும் கற்றுக்கொடுக்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். "நாய்க்குப் பரீட்சை கிடையாது, பிள்ளைக்கு மட்டும் பரீட்சையா?" என்று ஒருவர் கேலி செய்தார். நாய்களுக்கும் வையுங்கள், உங்கள் நாய் கூப்பிட்டால் வருகிறதா என்று முதலில் பார்ப்போம் என்றேன். அவர் நாய் கூப்பிட்டால் வராது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். இப்போது நிறையப் பேர் சிரித்தார்கள். இருந்தும் முடிவு சங்கத்தார் பக்கம்தான் போனது. பன்னிரண்டு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்கு உள்ளே அனுமதி இல்லை. பலகையின் அடியில் ஒரு புதுத் தகடு வந்தது, ஆங்கிலத்திலும் தெலுங்கிலும்.

நான் அந்தத் தகட்டை மதிக்கவில்லை.

இதை எழுதும்போது எனக்கே விசித்திரமாக இருக்கிறது. ஆளில்லாத சிக்னலிலும் வண்டியை நிறுத்துகிறவள் நான். ஆனால் தையல் பிரித்ததும், அதற்கடுத்த ஞாயிறே, மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் இருந்த காவலாளி எங்களைப் பார்த்தார், பிறகு ஏரியைப் பார்க்கத் தொடங்கினார். முதல் கேட், லீஷ், இரண்டாவது கேட். கறுப்பு நாய் தொலைவிலிருந்து ஓடி வந்தது. அவள் கைகளைக் கட்டினாள். நானும் கட்டினேன். அது இந்த முறை சரியாக நின்று, அவளை மோந்துவிட்டுப் போனது. என் நெஞ்சு அடித்துக்கொண்டது அவளுக்குக் கேட்டிருக்க நியாயமில்லை. சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒரு பெண் மட்டும் அருகில் வந்து, தன் அக்கா மகனுக்கும் இந்தப் 'பாறை'யைச் சொல்லித்தர முடியுமா என்று மெதுவாகக் கேட்டாள்.

அதன் பிறகும் போய்க்கொண்டுதான் இருக்கிறோம். யாராவது தடுத்தால் என்ன சொல்ல வேண்டும் என்று தயாராக வைத்திருக்கிறேன். இதுவரை யாரும் தடுக்கவில்லை.

தடுத்தது என் மகள். இந்த வருடம் அவளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வந்துவிட்டது. கடைப் பலகை, பேருந்தின் பின்புறம், சோப்பு உறை, எதையும் விடுவதில்லை. போன ஞாயிறு, நான் முதல் கேட்டின் தாழ்ப்பாளை எடுக்கும்போது, அவள் அந்தத் தகட்டின் முன் நின்று ஆங்கில எழுத்துகளை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள். முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அம்மா, இது என்னையா சொல்லுது?" தமிழில்தான் கேட்டாள்.

உன்னையும்தான் என்றேன்.

"அப்ப நாம ஏன் போறோம்?"

நாய் லீஷை இழுத்துக்கொண்டிருந்தது. பின்னால் வேறொருவர் தன் நாயோடு காத்திருந்தார். வீட்டுக்குப் போய்ச் சொல்கிறேன் என்றேன். உள்ளே போனோம். வீட்டுக்கு வந்து நான் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை, ஆனால் மறந்த முகம் இல்லை அது.

தெருவைக் கடக்கும்போது பச்சை விளக்கு வரும்வரை நில் என்று சொல்லிக்கொடுக்கிறவளும் நான்தான். பெரியவர்கள் ஒன்று எழுதி வைத்தால் அதற்குக் காரணம் இருக்கும் என்று சொன்னவளும் நான்தான். எழுதி வைத்தவர்கள் தவறிவிட்டார்கள் என்று அவளிடம் சொன்னால், நாளைக்கு அவள் எந்தப் பலகையை நம்புவாள்? சொல்லாமல் விட்டால், யாரும் பார்க்காதபோது மீறலாம் என்றல்லவா கற்றுக்கொள்வாள்? சங்கத்துக்கு மறுபடி மனு கொடுத்து, அவர்கள் மாற்றும்வரை வெளியே நிற்பதுதான் ஒழுங்கு என்று என் கணவர் சொல்கிறார். அதற்குள் அவள் கை மறுபடி இறுகிவிடும் என்று நான் சொல்கிறேன்.

வரும் ஞாயிறும் நாங்கள் போவோம். அதில் எனக்கு யோசனை தேவையில்லை. அந்தத் தகட்டின் முன்னால் நின்று படிக்கிற குழந்தைக்கு என்ன சொல்ல வேண்டும் என்பதுதான் தெரியவில்லை. தவறு என்று தெரிந்த ஒரு விதியை உங்கள் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு, பகல் வெளிச்சத்தில் மீறியவர்கள் உங்களில் யாராவது இருக்கிறீர்களா? அப்போது அவர்களுக்கு என்ன சொன்னீர்கள்? ஐந்து வயதுக்குப் புரிகிற மாதிரிச் சொன்ன வார்த்தைகளை அப்படியே எனக்கு எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்தால் நல்லது.